மூணேகால் குரல்

வீட்டில் அவர்கள் இருவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவள், சின்னவன். அவ்வளவுதான். பெரியவளின் மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகும், சின்னவனுக்கு நெற்றி பாதித் தலை வரைக்கும் ஏறிவிட்ட பிறகும் அது மாறவில்லை.

பெரியவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டும் வேலை பார்த்தாள். சின்னவன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். இந்த இரண்டு பேருக்கும் கண் காணாத தேசங்களிலெல்லாம் ரசிகர்கள் உண்டு என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களே நம்பமாட்டார்கள். பெரிய கூட்டம் இல்லை, ஏழெட்டாயிரம் பேர் தேறுவார்கள். ஆனால் அத்தனை பேரும் சரியான கிறுக்குப் பிடித்தவர்கள். பழைய வீடியோ கேம்களில் வரும் பாட்டுகளை எடுத்து, வயலின், குழல், உறுமும் கிட்டார், டிரம்ஸ் என்று ஒரு படையையே இறக்கி வாசித்தால் அதற்காக உயிரை விடுகிறவர்கள்.

எல்லாம் அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்த ஒரு பழைய கேம் பெட்டியில் தொடங்கியது. அதில் ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது. பனி உருகி ஓடும் ஆற்றில் ஒரு படகைக் கடைசிவரை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். அந்தக் காலத்துப் பெட்டிக்கு ஒரே நேரத்தில் மூன்று சுரமும் கொஞ்சம் இரைச்சலும்தான் வரும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு யாரோ ஒரு புண்ணியவான் ஆறு, பனி, பயம் எல்லாவற்றையும் பாட்டாக்கியிருந்தார். "தகர டப்பாவை ஆணியால கீறுற மாதிரி இருக்கு, நிறுத்தித் தொலைங்க" என்று அம்மா கத்துவாள். சின்னவனோ மூன்றாவது கட்டத்தில் படகைக் கரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான்.

"ஏன்டா ஓட்டாம நிக்கிற? என் முறை எப்ப வரும்?"

"பாட்டு முடியட்டும்."

அந்தப் பாட்டு முடியாது. திரும்பத் திரும்ப முதலிலிருந்து வரும். பெரியவள் அவன் தொடையைக் கிள்ளித்தான் தன் முறையை வாங்குவாள்.

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் அவன் அவளைக் கூப்பிட்டு அதே பாட்டைக் கிட்டாரில் வாசித்துக் காட்டினான். கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "இதுக்கு மேல உன் வயலின் வேணும்க்கா" என்றான். பள்ளிக்கூடத்தோடு மூட்டை கட்டிப் பரணில் போட்ட வயலின் அது. அன்றைக்கே இறக்கினாள். அப்புறம் வேறொரு ஊரில் டிரம்ஸ் அடிக்கும் ஒரு கால்நடை மருத்துவர் வந்து ஒட்டிக்கொண்டார். அவருக்கு மாட்டு டாக்டர் என்று பெயர் ஆயிற்று. குழல் வாசிக்கும் ஒரு கணக்கு டீச்சரும் சேர்ந்தார். குழுவுக்கு 'மூணேகால் குரல்' என்று பெயர் வைத்தது டாக்டர்தான். மூன்று சுரம், கால்வாசி இரைச்சல்.

நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே கிடையாது. அவரவர் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வியர்த்து ஒழுகி வாசித்துப் பதிவு பண்ணிச் சின்னவனுக்கு அனுப்புவார்கள். அவன்தான் எல்லாவற்றையும் சேர்த்து, எது முன்னால் நிற்கவேண்டும் எது பின்னால் ஒதுங்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து மிக்ஸ் பண்ணுவான். அக்காவை எட்டுத் தடவை வாசிக்க வைத்து, எட்டையும் அடுக்கி ஒரு வயலின் வரிசையையே உண்டாக்குவான். "ஒருத்தியையே சமாளிக்க முடியல, இதுல எட்டு பேரா?" என்று பெரியவளின் கணவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

சின்னவனுடைய காதைப் பற்றிக் குழுவில் கதை கதையாகச் சொல்வார்கள். "ரெண்டாவது நிமிஷத்துல உங்க கொட்டில்ல ஏதோ சங்கிலி ஆடுது டாக்டர், திரும்ப அடிங்க" என்பான். டாக்டர் போய்ப் பார்த்தால் மாட்டுச் சங்கிலி உண்மையிலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் படகு ஆட்டத்தின் பன்னிரண்டு பாட்டுகளையும் ஒரே தொகுப்பாகச் செய்வது என்று முடிவெடுத்து இரண்டு வருடம் உழைத்தார்கள். கடைசிப் பதிவுகளெல்லாம் வந்து சேர்ந்து, மிக்ஸ் மட்டும் பாக்கி இருந்த சமயத்தில்தான் சின்னவன் ஏறுக்குமாறாகப் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

"சட்டை நல்லா இருக்கே" என்றால், "எந்தக் கட்டை?" என்பான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஒரு நாள் கிடங்கில் பின்னால் வந்த வண்டி கீக் கீக் என்று கத்திக்கொண்டே வந்தும் அவன் நகராமல் நின்றான். கூட வேலை பார்த்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கால் போயிருக்கும். அந்த மனிதர் பெரியவளுக்கு ஃபோன் பண்ணினார். "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க தம்பிக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்ல."

காது மருத்துவமனைக்கு அவனோடு அவளும் போனாள். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவனை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தவேண்டும். வெளியே இயந்திரத்தின் முன்னால் இருந்த பெண் சத்தம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விளக்கு எரிந்தது. ஆரம்பத்தில் விளக்கு எரிய எரிய அவன் கட்டை விரல் அழுத்தியது. பிறகு விளக்கு எரிந்தது, விரல் அசையவில்லை. இன்னும் உரக்க அனுப்பினாள் அந்தப் பெண். சின்னவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்து, 'இன்னும் ஆரம்பிக்கலையா?' என்று புருவத்தைத் தூக்கினான்.

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பதினஞ்சு வருஷமா கம்ப்ரசர் சத்தம், ஹெட்போன், குடும்பத்துல வர்றது... காரணம் இதுதான்னு ஒண்ணைச் சொல்ல முடியாது" என்றார் காது டாக்டர். "கீச்சுச் சத்தமெல்லாம் முக்கால்வாசி போயிடுச்சு. போனது திரும்பாது, இருக்கறதும் குறைஞ்சுக்கிட்டேதான் போகும். மெஷின் வச்சா பேச்சு புரியும். பாட்டுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்."

படி இறங்கும்போது சின்னவன் நின்றான்.

"குழுவுல யாருக்கும் சொல்லாதே. இந்தத் தொகுப்பை முடிச்சிடறேன். அப்புறம் நானே சொல்றேன்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமாடா."

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் மிக்ஸ் வந்தது. பெரியவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். ஒரு நிமிடம் தாங்கவில்லை, பிடுங்கி எறிந்தாள். அவளுடைய வயலின்கள் எட்டும் எட்டு ஊசிகளாகக் காதுக்குள் இறங்கின. டிரம்ஸின் தாளத்தட்டு ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடி உடைவதைப் போல நொறுங்கியது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தன் காதுக்கு எட்டும்வரை கீச்சுகளையெல்லாம் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். அவன் கேட்டது அழகாகத்தான் இருந்திருக்கும். அந்த அழகு அவனைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

பத்து நிமிடத்தில் மாட்டு டாக்டர் கூப்பிட்டார்.

"அக்கா, கேட்டீங்களா? எங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. சிரிக்கறதுக்காகச் சொல்லல. தம்பிக்கு என்ன ஆச்சு?"

சத்தியம் அரை நிமிடம்தான் தாங்கியது. அவள் சொல்லிவிட்டாள். மறுமுனையில் ஒரு கன்று கத்துவது மட்டும் கேட்டது.

"இப்ப என்ன செய்யறது?" என்றார் டாக்டர் கடைசியில்.

"நான் அவன் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். கீச்சைக் குறைக்கறதுக்கு எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டா குறைச்சுத் தர்றேன். டீச்சர் அதையே நம்ம தளத்துல ஏத்திடட்டும். அவன் பேர்லயே."

"அவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யலாமேக்கா?"

"அவனுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான் டாக்டர். இதையும் பிடுங்கச் சொல்றீங்களா?"

அவர் ஒத்துக்கொண்டார். குழல் டீச்சரும் மறுக்கவில்லை. பெரியவள் மூன்று வாரம் விடுமுறை நாள்களிலும் மதிய இடைவேளைகளிலும் உட்கார்ந்து, தம்பி ஏற்றியதை இம்மி இம்மியாக இறக்கினாள். மற்றபடி அவன் செய்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. குழல் எங்கே நுழையவேண்டும், கிட்டார் எங்கே அடங்கி வயலினுக்கு வழிவிடவேண்டும், எல்லாம் அவன் செய்ததுதான். தன் கை படப்பட அவனுடைய கைநேர்த்திதான் துலங்குகிறது என்று நினைத்தபோது ஒரு தடவை அழுகை வந்தது.

தொகுப்பு வெளியானதும் ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். இதுவரை வந்ததிலேயே இதுதான் உச்சம் என்றார்கள். மிக்ஸிங்கைப் பற்றியே ஒருவர் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். சின்னவன் ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

"பாத்தியாக்கா? காது போனாலும் கை போகல."

அவள் சிரித்துவைத்தாள்.

"ஒண்ணுதான் இடிக்குது. தளத்துல ஏத்தினதைக் கேட்டா கொஞ்சம் மங்கலா இருக்கு எனக்கு."

"அங்க ஏத்தினா அப்படித்தான் அமுங்கும்" என்றாள். முதல் பொய்யைச் சொல்லாமல் சொல்லியிருந்தாள். இது வாய்விட்டுச் சொன்னது.

குழுவிடம் தன் காதைப் பற்றிச் சொல்வதாக இருந்தவன் அந்தப் பேச்சையே விட்டான். மெஷின் வாங்க நாள் குறித்திருந்ததையும் தள்ளிப்போட்டான். இது போதாதென்று, கார் பந்தய ஆட்டங்களின் பாட்டை வாசிக்கும் ஒரு புதிய குழு அவனுக்குக் கடிதம் எழுதியது. உங்கள் தொகுப்பைக் கேட்டோம், எங்கள் முதல் தொகுப்பை நீங்கள்தான் மிக்ஸ் பண்ணித்தரவேண்டும் என்று கெஞ்சியிருந்தார்கள். வேறு குழு ஒன்று அவனைத் தேடி வருவது அதுதான் முதல் தடவை. கிடங்கில் பத்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

பெரியவள் அவனைத் தடுக்கப் பார்த்தாள்.

"இப்பதானே ஒண்ணை முடிச்ச, கொஞ்சம் ஓய்வெடுடா."

"என்ன, பொறாமையா? உன் வயலின் இல்லாம நான் ஒண்ணு பண்றேன்னு?"

"போடா, உன்மேல எனக்குப் பொறாமையாக்கும்."

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். டாக்டர் இரண்டு முறை ஃபோன் பண்ணி, "சொல்லிடுங்கக்கா, வெளியாள்கிட்ட போறதுக்கு முன்னால சொல்லிடுங்க" என்றார். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு, விடுப்பு முடியட்டும் என்று அவள் ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள்.

அந்தக் குழுவினர் நல்ல பிள்ளைகள்தான். தப்பான ஃபைலை அனுப்பிவிட்டீர்களா என்று முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அதுதான் சரியான ஃபைல் என்று சின்னவன் பதில் போட்டான். அவர்களில் ஒருவனுக்குப் பொறுமை போய்விட்டது. அரை நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி, ரசிகர்கள் கூடிப் பேசும் பக்கத்தில் போட்டு, 'இது நிஜமாகவே அவர் பண்ணியதா?' என்று கேட்டுவிட்டான். பொழுது சாய்வதற்குள் அதன் கீழே நூற்றுக்கணக்கில் கேலி சேர்ந்துவிட்டது. கொதிக்கும் எண்ணெயில் பூனை விழுந்த சத்தம் என்றான் ஒருவன். படகுத் தொகுப்பை இவருக்கு யார் செய்துகொடுத்தார்கள் என்று கேட்டான் இன்னொருவன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சின்னவன் கண்ணாடிக் கடைக்கு வந்தான். முன்னறையில் இருந்த பெண் தடுப்பதற்குள் பின்னறைக்கு நுழைந்துவிட்டான். பெரியவள் லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் தீட்டிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள்.

அவன் கையில் இருந்த கைப்பேசியை அவள் முன்னால் வைத்தான். ஒலியை நிறமாகக் காட்டும் இரண்டு படங்கள். ஒன்றில் மேல்பகுதி முழுவதும் மஞ்சளாகத் தகதகத்தது. மற்றதில் அதே இடம் கருநீலமாக அடங்கியிருந்தது.

"இது நான் அனுப்பினது. இது நீங்க ஏத்தினது. தளத்துல ஏத்தினா அமுங்கும்னு சொன்னியே, இதுதானா அது?"

அவள் சக்கரத்தில் இருந்த லென்ஸை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நான் செவிடன்தான் ஆனேன்க்கா. குருடன் ஆகல."

"நீ உடைஞ்சிபோயிடுவேன்னு நினைச்சேன்டா."

"என்ன?"

அவனுக்குக் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. முன்னறையில் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டாக்டருக்கும் தெரியுமா? டீச்சருக்கும்?"

தலையசைத்தாள்.

"எல்லாரும் சேர்ந்துதான். என்னை நடுவுல உக்காரவெச்சு, பாராட்டை எல்லாம் நானே வாசிக்கறதை வேடிக்கை பாத்தீங்க." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? டேய், இது ரொம்பக் கீச்சா இருக்குன்னு. நீ கேட்டுச் சொல்லிருப்ப, நான் குறைச்சிருப்பேன். உன் காது, என் கை. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டிருக்கலாம். அந்த யோசனை உனக்கு வரவே இல்லையா?"

வரவில்லை. அதுதான் உண்மை. அவனைக் காப்பாற்றவேண்டும் என்று நினைத்தாளே தவிர, அவனோடு உட்காரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"என்னை மன்னிச்சிடு" என்றாள்.

அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலையே ரசிகர்களின் பக்கத்தில் அவன் எழுதினான். தனக்குக் காது கேட்பதில்லை என்பதை இரண்டு வரியில் சொல்லியிருந்தான். படகுத் தொகுப்பின் மிக்ஸிங் அக்காவுடையது, பாராட்டு அவளுக்குரியது என்று இன்னொரு வரி. அந்தத் துண்டைப் போட்ட பையன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினான். கேலி பேசியவர்கள் தாங்கள் எழுதியதை அழித்தார்கள். அனுதாபம் வண்டி வண்டியாக வந்து குவிந்தது. சின்னவன் எதற்கும் பதில் போடவில்லை. குழுவிலிருந்து விலகிக்கொண்டான்.

நான்கு மாதம் அக்காவோடு பேசவில்லை. அவள் கணவரோடு பேசினான், மகளோடு பேசினான். மகள் வழியாகத்தான் மெஷின் வாங்கியது தெரிந்தது, கிடங்கில் வண்டி ஓட்டுவதை விட்டுச் சரக்கு எண்ணும் வேலைக்கு மாறியதும் தெரிந்தது. "மாமா நல்லாத்தான் இருக்காரும்மா. பாட்டைப் பத்தி மட்டும் நாங்க பேசறதில்ல" என்றாள் மகள்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரியவள் தூக்குவாளியில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, கூப்பிடாமலே அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டான். இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் சிறிய சாம்பல் நிற மெஷின்கள் இருந்தன. சாப்பிட்டார்கள். மகளுடைய படிப்பைப் பற்றியும், அம்மாவின் முட்டிவலியைப் பற்றியும் பேசினார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தவன் திடீரென்று கேட்டான்.

"புதுசா ஏதாவது பண்றீங்களா?"

"ஒரு பாட்டு. டாக்டருக்குத் தெரிஞ்ச யாரோ மிக்ஸ் பண்றார். காலையிலதான் வந்துச்சு. நான் இன்னும் கேக்கல."

"இப்ப கேளு. கேட்டுச் சொல்லு."

அவள் ஹெட்போனை மாட்டினாள். அவன் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா இருக்கு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"அவ்வளவு நல்லா இல்ல. டிரம்ஸ் முன்னால வந்து மறிச்சுக்கிட்டு நிக்குது. என் வயலின் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து வர்ற மாதிரி இருக்கு."

"குழல்?"

"குழல் அழகா இருக்கு. ஆனா மூச்சு வாங்கற சத்தமும் சேர்ந்து கேக்குது."

"எந்த இடத்துல? ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஏறும்போது."

அவன் ஒரு தாளை எடுத்து எழுதினான். கேட்டான், எழுதினான். வயலின் மங்கலாக இருக்கிறதா, தூரமாக இருக்கிறதா, இரண்டும் வேறு வேறு என்றான். எப்படி வேறு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பக் கேட்டாள். கம்பளியைப் போர்த்திய மாதிரி என்றாள், இல்லை, அடுத்த அறையில் இருக்கிற மாதிரி என்றாள். கால் மணி நேரம் இப்படிப் போனது. பிறகு அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"போதும்க்கா."

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"நீ சொல்றதை வெச்சு எனக்குள்ள ஒண்ணு ஓடுது. அது நீ கேக்கறது இல்ல. ரெண்டும் சேரமாட்டேங்குது." தாளை மடித்து அவள் பக்கமாகத் தள்ளினான். "ஒரு வருஷத்துக்கு முன்னாலன்னா முடிஞ்சிருக்கும். அப்ப பாதியாவது கேட்டுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னான். எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தான். குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டிருந்தான், தண்ணீர் பாத்திரத்தில் மோதித் தெறித்தது.

பெரியவள் அந்த மிக்ஸ் பண்ணுகிறவருக்குப் பதில் அனுப்பவேண்டியிருந்தது. மடித்த தாளைப் பிரித்து, அவன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே மீதி இரண்டு நிமிடத்தையும் கேட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததால் பாதி எழுத்து தெரியவில்லை.

சின்னவன் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவள் ஹெட்போனைக் கழற்றும்வரை காத்திருந்தான். கழற்றியதும், டீ போடட்டுமா என்று கேட்டான்.